பத்தி சாப்பின் அதிர்ஷ்டம்

மே 3, ஞாயிறு

குடிதண்ணீர் பதினொரு டன் இருக்கிறது. டீசல் பார்த்துச் செலவழித்தால் ஜூன் கடைசி வரை வரும். அரிசி, பருப்பு போதும். வெங்காயம் முளைத்துவிட்டது. டைரி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி நங்கூரம் போட்ட கப்பலில் இரண்டே இரண்டு பேர் இருந்தால் மூன்றாவதாக ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதற்குத்தான் இந்த நோட்டு.

சரக்குத் தகராறில் வெளிநாட்டுக் கோர்ட் ஒன்று இந்தக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறது. மற்ற எல்லோரும் ஏப்ரலிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நானும் மீராசா காக்காவும். நான் எலக்ட்ரீஷியன், பெயர் கிளிட்டஸ், தூத்துக்குடி. கப்பலில் என் வேலைக்குப் பத்தி சாப் என்று பெயர், விளக்குக்காரன் என்று அர்த்தம். அவர் சரங்கு, டெக் ஆட்களுக்குத் தலைவர், காயல்பட்டினம். வயது ஐம்பத்திரண்டு. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அப்படியே கப்பல் முழுக்க அவரைக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

இன்று ரேடியோவில் ஏஜென்ட் வந்தான். ஜூன் 5 ஒரு படகு வருமாம், ஒருவர் இறங்கலாமாம். மற்றவர் மாற்று ஆள் வரும் வரை இருக்க வேண்டும். எப்போது வருவான்? மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாமாம். யார் இறங்குவது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று வைத்துவிட்டான். நல்ல நியாயம்.

எனக்குப் போயாக வேண்டும். என் மனைவி பெனிட்டாவுக்கு ஜூன் கடைசியில் பிரசவம், ரத்தக்கொதிப்பு வேறு. காக்காவுக்கும் போயாக வேண்டும். அவர் தங்கச்சி மரியத்தின் புருஷன் நூகு இதே கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தார். மார்ச் 11ஆம் தேதி ஒன்றாம் நம்பர் சரக்கறைக்குள் விழுந்து இறந்துபோனார். உடலைத்தான் அனுப்பினார்கள், காக்காவை விடவில்லை. மரியம் இப்போது இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண் முகம் பார்க்கக் கூடாது. வாப்பா இல்லை, வேறு அண்ணன் தம்பியும் இல்லை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார இவர் ஒருவர்தான். நேரில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் என்ன செய்வது? காக்கா தன் தவ்லாப் பலகையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். துருக்கித் துறைமுகத்தில் வாங்கியது. ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. தன் காய்களை முதலில் வெளியே ஏற்றியவன் ஜெயித்தான். தினம் ஒரு ஆட்டம், நாளை முதல் ஜூன் 3 வரை முப்பத்தோரு ஆட்டம். அதிகம் ஜெயித்தவன் இறங்குவான்.

மே 4, திங்கள்

நான் ஜெயித்தேன்.

மே 7, வியாழன்

ஜெனரேட்டர் ஃபில்டர் மாற்றினேன். கக்கூஸ் பம்ப் மறுபடி மக்கர். ஆட்டம் 3-1, என் பக்கம்.

தவ்லாவை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காக்காதான். ஆனால் லேப்டாப்பில் இதற்கென்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன், போன வருடம் முழுக்க அதனோடு ஆடினேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் அதில் பதிந்தால் ஜெயித்தது கைவரிசையா, பகடையா என்று பிரித்துச் சொல்லும். இன்று காக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அது எப்படிச் சொல்லும் என்று கேட்டார். விளக்கினேன். இரண்டு பகடைக்கும் சேர்த்து முப்பத்தாறு விதமாக விழலாம். நீ வீசுவதற்கு முன்னால் அது முப்பத்தாறையும் போட்டுப் பார்த்துச் சராசரி எடுத்து வைத்துக்கொள்ளும். சராசரியில் உனக்கு நூற்றுக்கு நாற்பது ஜெயம். வீசினாய், விழுந்தது நல்ல எண், இப்போது அறுபது. அந்த இருபதும் உன் திறமை இல்லை, அதிர்ஷ்டம். பிறகு காயை நகர்த்துகிறாய். இருப்பதிலேயே நல்ல நகர்த்தல் எதுவென்று அதற்குத் தெரியும். நீ அதைச் செய்யாமல் வேறு செய்து அறுபது ஐம்பதானால், அந்தப் பத்து உன் தவறு. அதிர்ஷ்டம் ஒரு பத்தி, தவறு ஒரு பத்தி. ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒளித்துவைக்க முடியாது.

காக்கா முழுதும் கேட்டுவிட்டு, நல்ல சாமான்தான் என்றார்.

இன்றைய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஆளுக்கு ஐம்பது, முடிவில் எனக்கு நூறு. இடையில் வந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? அதிர்ஷ்டம் எனக்குக் கொடுத்தது எண்பத்தொன்று. என் தவறுகளில் நான் தொலைத்தது முப்பத்தெட்டு. காக்காவின் தவறுகளால் எனக்குக் கிடைத்தது ஏழு. ஏழே ஏழு. மனுசன் அப்படி ஆடுகிறார்.

சரி, ஜெயம் ஜெயம்தானே.

மே 11, திங்கள்

5-3. பெனிட்டாவோடு சாட்டிலைட் போனில் நான்கு நிமிடம் பேசினேன். கால் வீங்கியிருக்கிறதாம். அவள் அம்மா உப்பைக் குறைத்துவிட்டாளாம், அதற்கு ஒரு புலம்பல்.

மாலை ஒன்றாம் நம்பர் சரக்கறைக்கு மேலே இருக்கும் விளக்கில் கோளாறு. சூரியன் இறங்கியதும் டெக் விளக்குகளைப் போட்டேன். எல்லாம் எரிந்தது, அதுவும் எரிந்தது. நான் திரும்பி நடப்பதற்குள் அது மட்டும் அணைந்தது. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. வயரில் கரண்ட் இருக்கிறது. ஏணியில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தபோது தானாக எரிந்தது. லூஸ் கான்டாக்டாக இருக்கும்.

மே 12, செவ்வாய்

அதே விளக்கு. அதே மாதிரி. புது ஹோல்டர் போட்டேன்.

மே 13, புதன்

புது ஹோல்டர், புது பல்பு, புது வயர். சூரியன் இறங்கியது, அணைந்தது. இன்று கடிகாரம் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்து எரிந்தது. கடல் காற்றில் உப்பு ஜாஸ்தி, என்ன போட்டாலும் அரித்துவிடும்.

மே 15, வெள்ளி

7-5. காக்கா இன்று ஜுமுஆ நேரத்தில் முன்பக்க மேடையில் தனியாகத் தொழுதுவிட்டு வந்தார். தினமும் சாயங்காலம் ஒன்றாம் நம்பர் சரக்கறை மூடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். உதடு அசையும். போய் நிற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆட்டத்தில் இன்று நான் செத்த மாதிரிதான். என் காய் ஒன்று வெளியே அடிபட்டுக் கிடக்கிறது, அவர் வீட்டில் ஐந்து கதவு பூட்டு. ஆறு விழுந்தால்தான் உள்ளே நுழைய முடியும். நுழைந்தால் மட்டும் போதாது, இரண்டு ஆறும் விழுந்தால்தான் பிழைப்பேன். விழுந்தது. அதை அவர் துருக்கிக்காரன் மாதிரி துஷேஷ் என்பார். இன்று அப்படிச் சொல்லவில்லை. பகடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மச்சான் உன் பக்கம் நிக்கிறான் தம்பி. உன்ன எப்புடியும் ஊருக்கு அனுப்பிரணும்னு பாக்குறான்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.  நூகு என் பக்கம் நிற்க என்ன இருக்கிறது?

பிறகு காயை அடுக்கிக்கொண்டே அவர் கேட்டது இது: “உன் டப்பா எல்லாத்தையும் ரெண்டா பிரிக்குதே. மச்சான் விழுந்தத சொல்லுமா, விதி எவ்வளவு, தப்பு எவ்வளவுன்னு?”

அதற்குப் பகடை வேண்டும் காக்கா என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டதை மறுபடி கேட்டார். அன்றைக்கு விளக்கு எரிந்ததுதானே? எரிந்தது என்றேன். நீங்களே பார்த்தீர்களே, நாம் போய்ப் பார்க்கும்போது எரிந்துகொண்டுதானே இருந்தது என்றேன்.

அது பொய்யில்லை.

மே 18, திங்கள்

8-7. நெஞ்சில் ஒரு சந்தேகம் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. பகடையிலேயே கோளாறு இருக்குமோ? காலையில் காக்கா துணி துவைக்கப் போன நேரத்தில் மெஸ் அறையில் தனியாக உட்கார்ந்து முந்நூற்றறுபது தடவை வீசினேன். கை வலித்துவிட்டது. துஷேஷ் பத்துத் தடவை வர வேண்டும் கணக்குப்படி, ஒன்பது வந்தது. மற்ற எண்களும் ஒழுங்கு. பகடை யோக்கியமான பகடைதான்.

சரி, ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து ஆட்டத்தில் நான் வீசியது முந்நூற்றுச் சொச்சம். அங்கேயும் ஒன்பது வந்திருக்க வேண்டும். இருபத்தாறு வந்திருக்கிறது. அதுவும் சும்மா வரவில்லை, நான் தோற்கப்போகும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது. அதே பகடை, அதே கை, அதே மேசை. எதிரே காக்கா இருந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் ஒரு விதம்.

மென்பொருள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாது. எவ்வளவு வந்தாலும் அதிர்ஷ்டம் என்ற பத்தியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. காக்காவின் தவறு ஆட்டத்துக்குச் சராசரி எட்டு. என்னுடையது நாற்பது. பதினைந்திலும் அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

அவர் சாயங்காலம் பலகையை விரித்தபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பெனிட்டா கால் வீங்கிக் கிடக்கிறாள், எனக்கு நியாயம் பேச நேரமா?

மே 21, வியாழன்

புழுதிக் காற்று. பட்டப்பகலிலேயே கரை தெரியவில்லை, கடலே தெரியவில்லை. நான் மெயின் டெக்கில் கதவுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன், காக்கா என் பக்கத்திலேயே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெஸ் அறையில் பகடை உருளும் சத்தம் கேட்டது. பலகையில் விழும் சத்தத்தை இந்த மூன்று வாரத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? காக்காவைப் பார்த்தேன். அவரும் கேட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கப்பல் காற்றில் திரும்பியிருக்கும், பகடை மேசையில் உருண்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தபோது இரண்டும் பலகை நடுவில் கிடந்தன. என்ன எண் என்று பார்க்காமல் கையை வைத்து எடுத்துப் பையில் போட்டேன்.

மே 24, ஞாயிறு

11-10.

காலையில் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன்.

மதியம் மென்பொருளில் எல்லா ஆட்டங்களையும் மொத்தமாக ஓடவிட்டேன். காக்காவோடு ஆடியது மட்டும் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். அது பழைய ஆட்டங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நான் தனியாக அதனோடு ஆடியவை எல்லாம் தேதி, நேரம் போட்டு வரிசையாக இறங்கின. அதில் ஒன்று:

மார்ச் 11. தொடக்கம் 5.40. முடிவு 6.24.

இந்த ஆட்டத்தைத் திறந்து பார்க்கக் கூடாது என்று இரண்டரை மாதமாக இருந்தேன். அழிக்கவும் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன், நோட்டுக்குத்தானே.

அன்று நோன்பு மாதம். காற்று பலம், நங்கூரம் இழுக்கிறதா என்று பார்க்கக் காக்கா முன்பக்க மேடையில் காவல் நின்றார். மெஸ் அறைக்கு வந்து நோன்பு திறக்க முடியாது. ஒன்றாம் நம்பர் சரக்கறையைக் கழுவியிருந்தோம், ஈரம் காய ஆள் இறங்கும் மூடியைக் காக்கா திறந்து வைத்திருந்தார். கேப்டன் சொல்லித்தான் திறந்தார். நேர் மேலே விளக்கு இருக்கிறது, சூரியன் இறங்கியதும் பத்தி சாப் போட்டுவிடுவான். அதுதான் வழக்கம், அதை நம்பித்தான் திறந்து வைப்பது.

அன்று சூரியன் இறங்கியது 6.02. டெக் லாக்கில் இருக்கிறது. நான் கன்ட்ரோல் அறையில் லேப்டாப் முன்னால் இருந்தேன். ஆட்டம் கடைசிக் கட்டம். இந்த ஒன்று முடியட்டும், போய்ப் போடலாம் என்று நினைத்தேன். 6.24க்கு ஜெயித்தேன். எழுந்து போய் விளக்குகளைப் போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன், விசில் அடித்துக்கொண்டு.

பத்து நிமிடம் கழித்துக் காக்கா கீழே இறங்கி வந்து, கஞ்சி ஏன் வரவில்லை, மச்சான் எங்கே என்று கேட்டார். நூகு ஆறு பத்துக்கே நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார் என்றார்கள். எல்லோரும் ஓடினோம். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கீழே முதலில் கஞ்சிதான் தெரிந்தது.

விளக்கு எரிந்தது, மூடி திறந்திருந்தது என்று கேப்டன் எழுதினார். மூடிக்குப் பொறுப்பு சரங்கு. காக்கா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

இன்று அந்த ஆட்டத்தின் கணக்கு வந்திருக்கிறது. அதிர்ஷ்டம் எனக்கு எதிராகப் பன்னிரண்டு. அன்று மென்பொருளின் திறமையை நடுத்தரமாகக் குறைத்து வைத்து ஆடினேன், அதன் தவறுகளால் எனக்குக் கிடைத்தது அறுபத்திரண்டு. என் தவறு பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. இத்தனை நாளில் நான் தவறே இல்லாமல் ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான். பக்கத்தில் பச்சை எழுத்தில் பாராட்டு வேறு போட்டிருக்கிறது.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மே 25, திங்கள்

விளக்கு இன்றும் இருபத்திரண்டு நிமிடம். இனிமேல் பழுது பார்க்கப்போவதில்லை.

மே 29, வெள்ளி

காக்கா 14, நான் 12. ஆட்டத்தில் புத்தி நிற்கவில்லை. ஒரு பக்கம் ஐயோ தோற்கிறேனே என்று அடித்துக்கொள்கிறது, இன்னொரு பக்கம் தோற்றால் நல்லது என்கிறது. தோற்றுவிட்டால் பேச வேண்டியதில்லையே. அவர் போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்காருவார், நான் இங்கே கிடப்பேன், தண்டனை மாதிரி ஆகிவிடும், கணக்கு நேராகிவிடும். பெனிட்டாவுக்கு அவள் அம்மா இருக்கிறாள்.

சமையலில் உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டேன். காக்கா அதையும் சாப்பிட்டு முடித்தார்.

பெனிட்டா இன்று போனில் அழுதாள். நீங்கள் வந்துவிடுவீர்கள்தானே என்றாள்.

ஜூன் 2, செவ்வாய்

15-15. கடைசி மூன்று நாளும் பகடை திரும்பவும் என் பக்கம். ஒரு ஆட்டம் பாக்கி.

ஜூன் 3, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

தோற்பது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். வாயால் சொல்லத் துப்பில்லை, காயால் சொல்லலாம் என்று பார்த்தேன். இரண்டாவது வீச்சிலேயே பாதுகாப்பாக இருந்த காய்களைப் பிரித்து அவர் வாயில் கொண்டுபோய் வைத்தேன். காக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் வீசினார். என் காயை அடிக்க முப்பத்தாறில் பதினேழு விதம் இருக்கிறது, ஒன்றும் விழவில்லை. என் முறை. நல்ல நகர்த்தல் எதிரே கிடக்கிறது, அதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வேறு செய்தேன். அவருக்கு மறுபடி ஒன்றும் விழவில்லை. எனக்கு விழுகிறது. வேண்டாம் வேண்டாம் என்று வீசுகிறேன், விழுகிறது. ஒரு கட்டத்தில் எப்படிக் காயை வைத்தாலும் நான்தான் ஜெயிப்பேன் என்று ஆகிவிட்டது. வேண்டுமென்று தப்பு செய்யக்கூட இடம் இல்லை. அந்த அறையில் வெயில் அடிக்கிறது, வேர்வை வழிகிறது, எனக்குப் பல் கிட்டித்தது. யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று, ஆடி முடி என்று அவசரப்படுத்துகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க மாட்டேன், கொன்றாலும்.

கடைசிக் காயை நான் ஏற்றும்போது அவரிடம் நான்கு காய் மிச்சம்.

கணக்கு இப்படி வந்தது. அதிர்ஷ்டம் நூற்றெண்பத்தைந்து. என் தவறு நூற்று நாற்பது. அவர் தவறு ஐந்து.

காக்கா, நீங்களே போங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே மறுத்தார். பேச்சு பேச்சுதானாம், ஆடித் தோற்றதைத் தானமாகத் திருப்பி வாங்குகிற பழக்கம் இல்லையாம். அதற்குப் பதில் ஒரு உதவி கேட்டார்.

“ஊருக்குப் போனதும் மரியத்தப் போய்ப் பாரு. நேர்ல சொல்லு. மூடியத் தொறந்து வச்சது நான்தான், தப்பு எம்மேலதான்னு சொல்லு. அவ அத என் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. எழுதி இல்லாம, இன்னொருத்தர் சொல்லி இல்லாம. இப்ப உன் வாயால கேக்கட்டும்.”

சரி காக்கா என்றேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மெஸ் அறையில் நாங்கள் இரண்டே பேர், நடுவில் மூடிய பெட்டி, நாக்கைப் புரட்டினால் போதும். சரி காக்கா என்றுதான் வந்தது.

ஜூன் 5, வெள்ளி

படகு பத்து மணிக்கு வந்தது. ஜெனரேட்டர் விவரம், தண்ணீர் விவரம், எந்த சுவிட்ச் எங்கே என்று எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் விளக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும், தினமும் அங்கேதானே நிற்கிறார். ஒருநாள்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று படகில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஏணியில் இறங்கும்போது கட்டிப்பிடித்தார். பெனிட்டாவுக்கும் பிள்ளைக்கும் துஆ செய்வதாகச் சொன்னார்.

ஜூன் 9, செவ்வாய்

தூத்துக்குடி. பெனிட்டா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நல்ல நேரம் பார்த்து ஆண்டவர் கொண்டு வந்து சேர்த்தார், எல்லாம் நம் அதிர்ஷ்டம் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஏஜென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ரேடியோவில் காக்காவுக்கு வரி விடாமல் படித்துக்காட்டச் சொல்லி. அனுப்புவதற்கு முன்னால் இன்று நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். காயல்பட்டினத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கப்பல்காரர் நூகு வீடு என்றதும் கை காட்டினார்கள். நூகுவின் வாப்பா என்னை முன்னறையில் உட்கார வைத்தார். நான் சொல்வதை மருமகள் கேட்க வேண்டும் என்றேன். உள்வாசலில் தடித்த பச்சைத் திரை தொங்கியது. அவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரைக்குப் பின்னால் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது, ஒருவர் உட்கார்ந்தார். கால் விரல்கூடத் தெரியவில்லை. சொல்லுங்கள் என்று ஒரு குரல் வந்தது. சின்ன வயதுக் குரல். பெரியவர் டீ வாங்கி வர வெளியே போனார்.

முகம் தெரியாத இடத்தில் பேசுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. துணியின் மறுபக்கம் மூச்சு விடுவது கேட்கிறது, நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது.

முதலில் காக்கா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மூடியைத் திறந்து வைத்தது தான்தான், தவறு தன்மேல்தான் என்று சொல்லி அனுப்பினார் என்றேன்.  எழுந்துவிடலாம் போலிருந்தது. வாசல் நான்கடி தூரத்தில் இருந்தது, செருப்பு கூடத் தெரிந்தது.

பிறகு, அது உண்மையில்லை என்றேன். விளக்குப் போட வேண்டியவன் நான், இருபத்திரண்டு நிமிடம் தாமதமாகப் போட்டேன், கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன், அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்குள்தான் அவர் கஞ்சியோடு அந்த இடத்தைக் கடந்தார் என்றேன். விதி இல்லை, என் தவறு என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் கல்லைத் தூக்கி வைப்பது மாதிரி இருந்தது, ஆனால் சொல்லி முடித்துவிட்டேன்.

 தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. திரை ஒரு தடவை அசைந்தது, கையால் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

“இது எங்க காக்காவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். சொல்லவில்லை என்றேன்.  அந்தக் குரல் அழவில்லை, அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீங்க வந்திருக்கீங்க. அவஹ ஏன் வரல?”

இருவரில் ஒருவர்தான் இறங்கலாம் என்றார்கள், தவ்லா ஆடி முடிவு செய்தோம், முப்பத்தோரு ஆட்டம், அவர் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் தோற்றார் என்று சொன்னேன்.

“காக்காவா தோத்தாஹ?” நம்ப முடியாமல் கேட்டார். “தவ்லாவுல அவஹள யாரும் ஜெயிச்சதில்லையே.”

“ஆமா தங்கச்சி,” என்றேன். “என்னைவிட நல்லாத்தான் ஆடுனாங்க.”